ஆசானின் கையும் சட்டத்தின் ஏடும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளையில் தொடங்கி மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரை சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால், வர்ம வைத்தியசாலைப் பலகைகள் அடிக்கடி கண்ணில் படும். பலவும் வீட்டின் முன்னறைகள்தான். ஒரு மரக்கட்டில், மூங்கில் தப்பைகள், துணிச்சுருள்கள், காயத்திருமேனி எண்ணெயின் மணம். பனையிலிருந்து விழுந்தவர், வள்ளம் இழுக்கும்போது தோள் இறங்கியவர், ரப்பர் தோட்டத்தில் சறுக்கிக் கணுக்கால் பிசகியவர் என்று ஆட்கள் வருவார்கள். உள்ளே இருப்பவரை டாக்டர் என்று யாரும் கூப்பிடுவதில்லை, ஆசான் என்பார்கள். அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுப்பவரும் அடிபட்டவரைத் தேற்றுபவரும் இந்த மண்ணில் நெடுங்காலம் ஒரே ஆளாக இருந்திருக்கிறார்கள்.

இந்த முன்னறைக்குள் நடப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடாமல் இருக்கிறது. சுகாதாரச் சட்டம் என்ற துறையின் மிகக் கடினமான முடிச்சுகள் சில நாஞ்சில் நாட்டிலும் அதை ஒட்டிய விளவங்கோடு, கல்குளம் மலையடிவாரங்களிலும்தான் விழுந்திருக்கின்றன.

முதலில் வர்மம், உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றிய அறிவு. உடம்பில் 108 வர்ம இடங்கள் என்பது மரபுக் கணக்கு. அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். படுவர்மத்தில் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. திலர்தக் காலம் என்பது புருவங்களுக்கு நடுவே உள்ள இடம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் அளவு, அடிபட்டால் தோன்றும் குறிகள், எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்ற கெடு, எந்த இடத்தைத் தட்டியும் தடவியும் எழுப்ப வேண்டும் என்ற மாற்று. வர்ம பீரங்கி, வர்மக் கண்ணாடி முதலான நூல்களில் இவை பாட்டாகக் கிடக்கின்றன. நூலுக்கு நூல் கணக்கு மாறும். தொட்ட மாத்திரத்தில் ஆளைச் சாய்க்கும் கதைகளுக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் உடலின் சில புள்ளிகளில் உயிர் மெல்லிய நூலில் தொங்குகிறது என்ற அடிப்படைக் கருத்தை இன்றைய உடற்கூறியல் மறுக்கவில்லை.

நெற்றிப்பொட்டை எடுத்துக்கொள்வோம். மண்டையோட்டு எலும்பு அங்கே மெலிந்திருக்கிறது, அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அடியில் எலும்பு விரிசல்விட்டுத் தமனி கிழிந்தால் இரத்தம் மூளைக்கு வெளியே கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார், பேசுவார், வீட்டுக்கும் நடப்பார். சில மணி நேரம் கழித்துச் சாய்வார். கழுத்தின் பக்கவாட்டில், தாடைக்குக் கீழே தலைக்குப் போகும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே அழுத்தம் விழுந்தால் அழுத்தம் ஏறிவிட்டதென்று மூளை எடுத்துக்கொண்டு இதயத்தின் வேகத்தைக் குறைத்துவிடும். சிலருக்குக் கண் இருட்டி மயக்கமே வந்துவிடும்.

நெஞ்சில் நடப்பது இன்னும் வியப்பானது. விளையாட்டில் பந்து நெஞ்சில் பட்டு, விலா எலும்பு உடையாமல், உள்ளே காயமே இல்லாமல் இளைஞர்கள் இறந்துபோவது மருத்துவர்களுக்கு நெடுநாள் புதிராக இருந்தது. அமெரிக்காவில் மார்க் லிங்க் தலைமையிலான குழு 1998இல் பன்றிகளைக் கொண்டு அதை விளக்கியது. இதயத்தின் கீழறைகள் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்கு ஆயத்தமாகும் வேளையில், நொடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே நீளும் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் இதயத்துக்கு நேர் மேலே அடி விழுந்தால் துடிப்பு ஒழுங்கு கெட்டு இதயம் வெறுமனே நடுங்கத் தொடங்கும். அதே பந்து, அதே வேகம், சற்று முன்னே பின்னே பட்டால் ஒன்றும் ஆகாது. இடத்தோடு நேரத்தையும் சேர்த்து எண்ணிய வர்ம நூல்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அவர்களுக்கும் நியாயமாகாது. அடிபட்டவர் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று ஏமாந்துவிடாதே, கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கவனிப்பு அவர்களிடம் இருந்தது. அது எத்தனையோ உடம்புகளை அருகிலிருந்து பார்த்தவர்களின் கவனிப்பு.

எழுப்பும் இடம் தெரிந்தவனுக்கு வீழ்த்தும் இடமும் தெரியும். ஆகவே ஆசான்மார் எல்லாருக்கும் சொல்லித்தருவதில்லை. சிஷ்யனைப் பல ஆண்டுகள் கூடவே வைத்துக் குணம் பார்த்து, கோபக்காரனா, குடிப்பவனா என்றெல்லாம் அறிந்த பிறகே ஏட்டை அவிழ்ப்பார்கள். ஜெர்மன் மானிடவியலாளர் ரோமன் சீலர் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசான்மாரோடு தங்கி ஆராய்ந்து, 2015இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஒரு நூல் எழுதினார். இந்த ரகசியம் காக்கும் பழக்கம் அதில் விரிவாகப் பேசப்படுகிறது. என் பார்வையில் இந்த ரகசியமும் ஒரு சட்டம்தான். ஆபத்தான அறிவு யார் கைக்குப் போகலாம் என்பதை எழுதப்படாமலே முறைப்படுத்திய சட்டம்.

எழுதப்பட்ட சட்டம் வேறு வழியில் வந்தது. இங்கிலாந்தின் 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் நாடு முழுவதுக்கும் ஒரே பதிவேட்டைக் கொண்டுவந்தது. தேர்வு எழுதியவர் பெயர் ஏட்டில் ஏறும், ஏறியவரே மருத்துவர். அந்த ஏற்பாடு 1912இல் பம்பாய்க்கும் 1914இல் சென்னைக்கும் வந்தது. வைத்தியர்கள் அந்த ஏட்டுக்கு வெளியே நின்றார்கள். சென்னை அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்து, நாட்டு மருத்துவ முறைகளைப் பற்றி வைத்தியர்களிடமே கேட்டு அறிந்தது. அதன் பயனாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே இன்னொரு நடை. திருவனந்தபுரத்தில் 1889இலேயே அரசு ஆயுர்வேதப் பாடசாலை, இந்தப் பக்கம் 1838 முதல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி. ஒரே அரசின் நிழலில் இரண்டும் வளர்ந்தன. முஞ்சிறையில் இன்றும் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கம் ஒரு சித்த மருத்துவக் கல்லூரி நடத்துகிறது.

சட்டமும் மருத்துவமும் சந்திக்கும் இடத்தை ஒரு படிப்பாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் இயன் கென்னடி. பாரிஸ்டர் பயிற்சி பெற்ற அவர் 1978இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவச் சட்டத்துக்கும் அறத்துக்கும் ஒரு மையத்தைத் தொடங்கினார். 1980இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில், மருத்துவர்கள் எடுக்கும் முடிவுகளில் பல உண்மையில் மருத்துவ முடிவுகளே அல்ல, சமூகம் சேர்ந்து எடுக்க வேண்டிய அற முடிவுகள் என்று வாதிட்டார். பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைகள் இறந்தது பற்றிய விசாரணைக்குத் தலைமையேற்று 2001இல் அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். பட்டம் பெற்ற கையும் தவறும், அதை வெளியிலிருந்து ஒருவர் பார்த்தாக வேண்டும் என்பதை அந்த விசாரணை உலகுக்குக் காட்டியது.

நம் ஊருக்கு வருவோம். திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவத் தொழில்புரிவோர் சட்டம் 1953இல் வந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அதன் கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று அவை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லை ஒரே நாளில் மாறியது, சட்டம் மாறவில்லை. மாற்றி எழுதும்வரை பழைய சட்டமே அந்தந்தப் பகுதியில் செல்லும் என்று மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119ஆம் பிரிவு சொன்னது. பிறகு 1970இல் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம். பதிவேடே இல்லாத மாநிலத்தில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்துவந்தவரின் உரிமையை அது காத்தது. அன்று தொழிலில் இருந்தவருக்குத்தான் அந்தக் காப்பு. அவர் மகனுக்கு இல்லை.

அந்த மகன்மாரின் வழக்கு கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றது. பாரம்பரிய வைத்தியர்களின் அமைப்பு தொடுத்த வழக்கில், 1953ஆம் ஆண்டின் அதே சட்டத்தை வைத்து, 2018 ஏப்ரல் 13 அன்று நீதிபதிகள் ஆர்.கே. அகர்வால், மோகன் சாந்தனகவுடர் தீர்ப்பளித்தார்கள். தகுதிப் படிப்பும் பதிவும் இல்லாதவர் பரம்பரையைக் காட்டி மருத்துவம் செய்ய முடியாது. விடுதலை கிடைத்த காலத்தில் கல்லூரிகள் குறைவு, இன்று நிலைமை அப்படியில்லை என்பது அதன் வாதத்தில் ஒரு முக்கியமான கண்ணி.

இந்தத் தீர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. உடைந்த முழங்கையை இறுக்கிக் கட்டினால் உள்ளே வீக்கம் ஏற இடமில்லாமல் தசைக்குப் போகும் இரத்தம் நின்றுவிடும். சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும், பிறகு கை நிரந்தரமாக மடங்கிச் சுருங்கிப்போகும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881இல் விவரித்த இந்தச் சுருக்கத்தை, நாட்டுக் கட்டு போட்டபின் வரும் குழந்தைகளிடம் நம் எலும்பு மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். சில நேரம் கையையே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குழந்தையிடம் போய்ப் பரம்பரையின் பெருமையைப் பேச யாருக்கும் வாய் வராது. அதே வேளையில், பிசகிய தோளை வலி தெரியாமல் இருத்திவிடும் ஒரு கையையும், நேற்றுப் பலகை மாட்டிய போலியையும் ஒரே சொல்லால் ஒதுக்கும் சட்டம் தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது என்பதும் எனக்கு உறுதி.

தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பதில் சட்டம் தெளிவாக வளர்ந்திருக்கிறது. மருத்துவர்கள் தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் சொன்னது. அடுத்த ஆண்டே, 1995 நவம்பரில், வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணம் கொடுத்த நோயாளி நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். தனக்குத் தெரியாத மருத்துவ முறையில் மருந்து கொடுத்தாலே அது கவனக்குறைவு என்று 1996இல் பூனம் வர்மா வழக்கு சேர்த்துக்கொண்டது.

ஆசான் காய்ச்சும் எண்ணெயின் கதை வேறு. மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டம் 1940இல் வந்தது, 1964 திருத்தத்தில் நாட்டு மருந்துகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. சித்த மருந்து எது என்று அது சொல்லும் விதம் அழகானது. சட்டத்தின் முதல் அட்டவணையில் நூல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது: போகர் 700, புலிப்பாணி 500, தேரையர் மகா கரிசல், அகத்தியர் பெயரில் பல. அந்த நூல்களில் உள்ள முறைப்படி செய்தால் அது சித்த மருந்து. இந்தியக் குடியரசின் சட்டம் சித்தர் பாட்டைச் சான்றாக ஏற்று நிற்கும் இடம் இது. நூலில் இல்லாத சேர்மானம் என்றால், அந்த நூல்களில் சொல்லப்பட்ட சரக்குகளை மட்டும் கொண்டு செய்து, உரிமையுள்ள தயாரிப்பாக உரிமம் வாங்க வேண்டும். ஒரு விலக்கு உண்டு. தன்னிடம் வரும் நோயாளிக்காக வைத்தியர் தாமே காய்ச்சும் மருந்துக்கு உரிமம் தேவையில்லை. முன்னறையின் எண்ணெய்ச் சட்டி இந்த ஒரு வரியில்தான் உயிர் வாழ்கிறது. அதே எண்ணெயைக் குப்பியில் அடைத்துக் கடையில் வைத்தால் கதை முடிந்தது.

எழுத்து இங்கே அதிகாரம். ஏட்டில் இருந்தால் அறிவு, இல்லையென்றால் வெறும் கைப்பழக்கம். இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும் இடம் மலை மேல் இருக்கிறது.

அகத்தியர் மலைக் காடுகளில் காணிக்காரர்கள் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே நம் மாவட்டத்திலும், நெல்லைப் பக்கத்திலும், திருவனந்தபுரம் மாவட்டத்திலும் அவர்களுடைய குடிகள் உண்டு. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் உள்ளிட்ட தாவரவியல் ஆய்வாளர்கள் அந்தக் காட்டில் ஏறினார்கள். களைத்து நின்ற ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: வழிகாட்டிகளான காணிகள் சிறிய காய்களைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டால் சொல்லத் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாத அறிவு அது. நெடுநேரம் வற்புறுத்தி, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே செடியைக் காட்டினார்கள். வழிகாட்டிகளான மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோரின் பெயர்கள் இன்று உலகச் சட்டப் பாடநூல்களில் இருக்கின்றன. செடி ஆரோக்கியப்பச்சை. காணிகள் காயைத்தான் தின்றார்கள், களைப்பு நீக்கும் பொருள்கள் இலையிலும் இருப்பதைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றோடு சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தார்கள்: 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. வந்ததில் பாதி காணிகளுக்கு. அதற்கென்று 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது.

அப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லும் சட்டம் அன்று இந்தியாவில் கிடையாது. 1992இல் கையெழுத்தான உயிரினப் பன்மய உடன்படிக்கை மட்டும் இருந்தது, அதை நாட்டுச் சட்டமாக ஆக்கும் வேலை 2002இல்தான் முடிந்தது. ஆகவே காணிகளின் ஒப்பந்தம் உலக அளவில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. குறைகளும் இருந்தன. காணிகள் எல்லாரையும் யாரும் கேட்கவில்லை, இளைஞர் இருவர் சொன்னதைச் சமூகம் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள் என்று மூத்த வைத்தியர்கள் சிலர் வருந்தினார்கள். காட்டிலிருந்து இலை எடுப்பதற்கு வனத்துறைத் தடை வந்தது. அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது, செடிக்கும் காணிகளுக்கும் அந்த எல்லை தெரியாது. இத்தனைக்குப் பிறகும் அந்த 2 சதவீதத்தை நான் மதிக்கிறேன். எங்கும் எழுதப்படாத ஓர் அறிவுக்கு முதன்முறையாக ஒருவர் ரசீது எழுதினார்.

இதற்கு நேர்மாறான பக்கத்தில் மஞ்சள். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள், இந்திய அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் பழைய நூல்களைக் காட்டி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. அந்த அனுபவத்தில் 2001 முதல் சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களை ஐந்து அயல்மொழிகளில் பெயர்த்து, காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும் மின்நூலகம் உருவானது. எழுதி வைத்திருந்ததால் காப்பாற்ற முடிந்தது என்பது அன்றைய பாடம்.

பிறகு 2023. உயிரினப் பன்மயச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. நூலாக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர் அதன் பலனை யாரோடும் பகிர வேண்டியதில்லை என்று அது விலக்கு அளிக்கிறது. எது நூலாக்கப்பட்ட மரபறிவு? 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்களிலிருந்து பெறப்பட்டது. போகர் 700உம் புலிப்பாணி 500உம் இருக்கும் அதே பட்டியல். மருந்துக் குப்பியின் மீது அதிகாரம் தரும் நூற்பெயர், பங்கு கேட்கும்போது உரிமையை இல்லாமல் ஆக்குகிறது. காணியின் அறிவு ஏட்டில் இல்லை, எனவே அவருக்குப் பங்கு உண்டு, மருத்துவர் என்ற தகுதி இல்லை. அகத்தியர் பெயரிலான நூல் ஏட்டில் இருக்கிறது, எனவே அது மருந்துக்குச் சான்று, ஆனால் உரிமையாளர் இல்லை.

வர்ம ஏடு இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. எழுதப்பட்டது, ஆனால் ஆசான் வீட்டுப் பெட்டியில் பூட்டப்பட்டது. பாடலை வாசித்தாலும் ஆசான் விரல் வைத்துக் காட்டாமல் பொருள் விளங்காது, அளவுகளே நோயாளியின் விரலளவில் சொல்லப்பட்டிருக்கின்றன. நாளை ஒரு வர்ம நூல் அட்டவணையில் ஏறினால், தலைமுறைகளாக அதைக் காத்த குடும்பங்கள் என்ன பெறும், என்ன இழக்கும்? உள்ளாட்சி அமைப்புதோறும் மக்கள் பன்மயப் பதிவேடு எழுத வேண்டும் என்று உயிரினப் பன்மயச் சட்டம் கேட்கிறது. அந்தப் பதிவேட்டுக்காரர் வந்து உட்காரும்போது ஆசான் எதைச் சொல்வார், எதை விழுங்குவார்? என் மாவட்டத்து வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தால் உலகத்தில் யாரும் இன்னும் எழுதாத ஓர் ஆய்வு நாகர்கோவிலிலிருந்து வரும்.

கையைப் படிக்க ஒரு வழி முளைத்திருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. இந்தியத் தரக் கவுன்சில், பெங்களூருவின் நாட்டு மருத்துவ மரபு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, ஊர் வைத்தியர்களுக்கு ஒரு தன்விருப்பச் சான்றிதழ்த் திட்டம் நடத்துகிறது. எலும்பு கட்டுதல் அதில் ஒரு பிரிவு. எழுத்துத் தேர்வை நம்பாமல், வைத்தியர் செய்து காட்டுவதைத் தேர்வாளர் எதிரில் இருந்து பார்க்கிறார், அவரிடம் வந்த நோயாளிகளைப் பற்றிக் கேட்கிறார். இந்தச் சான்றிதழ் யாரையும் மாநிலப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. சேர்க்கும் நாள் வந்தால் அதில் நான் பார்க்க விரும்பும் நிபந்தனைகள் மூன்று. எக்ஸ்ரே பார்க்காமல் முறிவைக் கட்டக் கூடாது. கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நுனி குளிர்ந்தாலோ மரத்தாலோ அந்தக் கணமே கட்டை அவிழ்க்க வேண்டும். தலையில் அடிபட்டவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் முதலில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். கடைசி நிபந்தனைக்கு எந்த ஆசானும் மறுப்புச் சொல்ல மாட்டார். கெடுவைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.